இரண்டு தரம்

பள்ளிக்கூடத்து பேட்மிண்டன் கோர்ட்டில்
வலையைச் சுருட்டி ஓரம் வைத்தாயிற்று.
அனுமதிக் கடிதத்தை வாசலில் ஒட்டியாயிற்று,
முத்திரை வெளியே தெரியும்படி.
சோஹாரில் எங்கள் சங்கம் நூற்றுப்பத்துக் குடும்பம்.
பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
இட்லியும் ஏலமும்.
வருகிற காசு முழுக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு.

ரசீதுப் புத்தகம் என்னிடம்,
எட்டு வருஷமாக.
மற்ற நாளில் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறேன்.

ஏலம் விடுவது நெய்னா முகம்மது.
காயல்பட்டினத்துக் குரல், மைக் தேவையில்லை,
ஆனாலும் பிடித்துக்கொள்வார்.
பிரஷர் குக்கர் பதினொரு ரியால்.
யாரோ ஒரே முறை உடுத்திய பட்டு, ஒன்பது.
டாக்டர் வீட்டுச் சிறுமி வரைந்த ஒட்டகம்
(கால் ஐந்து, ஒன்று வாலாம்)
அவள் அப்பாவே இருபதுக்கு எடுத்தார்.

ஒவ்வொரு வருஷமும் ஒரே சண்டை:
ஆராய்ச்சிக்கு எதற்கு,
கண்ணெதிரே படுத்திருப்பவருக்குக் கொடுக்கலாமே?
போன வருஷம் அதை முடித்துவைத்தது எஸ்கலின்.
தலையில் ஸ்கார்ஃப், கையில் கரண்டி,
சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்றபடி:
"எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு.
தனக்கு வரும்னே தெரியாம
எங்கேயோ ஒருத்தி தலை வாரிக்கிட்டு இருப்பா.
அவளுக்குக் கொடுங்க."
அப்புறம், "சாம்பார் ஆறுது" என்றாள்.

ஜூலையில் போனாள்.
திருவனந்தபுரம் வரை விமானம்,
அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஆம்புலன்ஸ்.
எடைச் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதாவது பொருள்
பட்டியலில் இல்லாதது.
ரூபர்ட் மேசையில் வைத்துவிட்டு
கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.
ஹார்லிக்ஸ் பாட்டில். பாத்தினா எலுமிச்சை,
கறுத்துக்கொண்டு வருகிறது.
மூடியில் டேப், டேப்பில் மனைவியின் கையெழுத்து:
மே 3. உப்பு போதும்.

நெய்னா தூக்கிப் பார்த்தார்.
விலை சொல்லவில்லை.
"கேளுங்க" என்றார்.

இரும்பாலை கேம்ப் பையன்கள் எட்டுப் பேர்
சேர்ந்து "அஞ்சு" என்றார்கள்.
நர்ஸ் ஜெபராணி பத்து.
பையன்கள் பத்தரை.
கால் கால் ரியாலாக, பிறகு எகிறி, பிறகு காலாக
முப்பதைத் தொட்டபோது
எட்டுத் தலையும் வட்டமாகக் குனிந்து
பாக்கெட்டுகளை எண்ணின.
"முப்பத்தொண்ணு, ஐந்நூறு பைசா."

கடைசி வரிசையில் ஒரு கை.
தான் கொடுத்த பாட்டிலுக்குத் தானே:
"நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணு, ஒரு தரம்."
ஏசியின் சத்தம் கேட்டது.
"நாற்பத்தொண்ணு, ரெண்டு தரம்."

அடுத்ததற்கு வாயைத் திறந்தவர்
திறந்தபடியே நின்றார்.
"சொல்லுங்க பாய்" என்று யாரும் சொல்லவில்லை.
எதற்கும் அவசரப்படுத்துகிற செயலாளர்கூட
வாட்சைப் பார்த்தார்,
பார்த்ததைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

மைக்கைக் கீழே வைத்து, எடுத்து,
"அடுத்தது டேபிள் ஃபேன்" என்றார் நெய்னா.

கணக்கு முடிய இரவு பதினொன்று.
ஆயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு ரியால், சில்லறை.
போன வருஷப் பணத்துக்கு ஆய்வகத்திலிருந்து வந்த கடிதம்
ஃபைலில் இருக்கிறது:
மாதிரிகள் வைக்கும் உறைபெட்டியில் ஒரு தட்டுக்கு
உங்கள் தொகை உதவியது.
ஒரு தட்டுதானா என்று இருந்தது எனக்கு, அன்றைக்கு.

ரூபர்ட் பாட்டிலை எடுத்துப் போகவில்லை.
நாற்பத்தொன்றை மடித்து
என் புத்தகத்துக்குள் செருகிவிட்டுப் போனார்.
ரசீதில்லாமல் வாங்க எனக்கு அதிகாரமில்லை.
எழுதினேன்:
பொருள் பத்தொன்பது. ஊறுகாய், ஒன்று.
கேட்டவர். தொகை.
ஏலம் முடிந்ததா என்கிற கட்டத்தில்:
ரெண்டு தரம்.

தணிக்கைக்கு வரும் வரதகுட்டி கேட்பார்.
கேட்கட்டும்.

சங்கத்து ஃபிரிட்ஜிலிருந்து கோக் பாட்டில்களை இறக்கி
நடுத் தட்டைக் காலி செய்தேன்.
அடுத்த பிப்ரவரியில்
நாற்பத்தொன்றிலிருந்து கேட்கலாம்.